சங்கத்தின் பெயரை அந்த மனுவிலிருந்து எடுத்துவிடுங்கள்

நியூ ஜெர்சியில் உள்ள எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கத்தின் செயற்குழுவுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். பொங்கல் விழாவுக்குச் சர்க்கரைப் பொங்கல் கிண்டுகிறவள்தான் எழுதுகிறேன். பதினோரு வருஷமாக அந்த அண்டா எங்கள் வீட்டு கராஜில் கவிழ்ந்து கிடக்கிறது. சங்கத்தோடு எனக்குள்ள உறவுக்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். செயற்குழுவுக்கு மட்டும் தனியாக எழுதியிருக்கலாம். ஆனால் மனு ஊரெல்லாம் சுற்றியாகிவிட்டது. பதிலும் எல்லோரும் படிக்கிற மாதிரியே இருக்கட்டும்.

போன செவ்வாய்க்கிழமை இரவு நம் வாட்ஸ்அப் குழுவில் அந்த மனுவைப் பார்த்தேன். நெடுஞ்சாலையை ஒட்டிப் பல வருஷமாகப் பூட்டிக் கிடக்கும் அலுவலக வளாகத்தை இடித்துவிட்டு 180 அடுக்குமாடி வீடுகள் கட்டுகிறார்களே, அந்தத் திட்டத்தை, ஊரில் எங்கே எதைக் கட்டலாம் என்று முடிவு செய்யும் டவுன்ஷிப் பிளானிங் போர்டு நிராகரிக்க வேண்டுமாம். 180-ல் 36 வீடுகள் வருமானம் குறைந்தவர்களுக்கு, அவர்களுக்குக் கட்டுப்படியாகும் வாடகையில். மனுவை ஆதரிக்கும் அமைப்புகளின் வரிசையில் மூன்றாவதாக நம் சங்கத்தின் பெயர். யாரைக் கேட்டுப் போட்டீர்கள் என்று சண்டை பிடிக்க வரவில்லை. சரி, கொஞ்சம் அதற்கும்தான் வந்திருக்கிறேன்.

அன்று ராத்திரி குழுவில் வந்த செய்திகளை மறுபடி ஒரு தரம் படித்தேன். டிராஃபிக் கூடும், சாக்கடை தாங்காது என்பதெல்லாம் நியாயமான கேள்விகள். பொறியாளர்கள் பதில் சொல்லட்டும். "ஸ்கூல் ரேட்டிங் ஒன்பதுலேர்ந்து ஏழுக்கு வந்துட்டா நம்ம வீட்டு விலை என்னாகும்?" என்று ஒருவர் கேட்டிருந்தார். அதுவும் எனக்குப் புரிகிறது. அதற்குக் கீழே நாற்பது பேர் கட்டைவிரலைத் தூக்கியிருந்த செய்திதான் தூக்கத்தைக் கெடுத்தது. "இங்கே உழைச்சா யாரும் மேலே வரலாம். நாம வரலையா? ஐரோப்பா மாதிரி உட்கார வெச்சு பங்கு போட்டுக் கொடுத்தா எவன் உழைப்பான்?"

நாம் வந்தோம்தான். எப்படி வந்தோம்? என் அப்பா தர்மபுரிப் பக்கம் அரசுப் பேருந்தில் கண்டக்டர். அம்மா சத்துணவுக் கூடத்தில் சமையல் உதவியாளர். நான் படித்தது அரசுப் பள்ளி. மதியம் சாப்பிட்டது அம்மா கிண்டிய சோறு. பொறியியல் சேர்க்கைக்கு 1997-ல் ஒற்றைச்சாளர முறை வந்தது. அதற்கு அடுத்த வருஷம் அப்பா கடன் வாங்கிய சட்டையோடு என்னைக் கலந்தாய்வுக்கு அழைத்துப் போனார். இட ஒதுக்கீட்டில் கோவையில் அரசுக் கல்லூரி கிடைத்தது. ஒரு வருஷக் கட்டணம் அப்பாவின் இரண்டு மாதச் சம்பளத்துக்குள் அடங்கிவிட்டது. உழைக்கவில்லை என்று சொல்லவில்லை. விடிய விடியப் படித்தேன். ஆனால் சோறு, பள்ளி, கல்லூரி மூன்றுக்கும் காசு கொடுத்தது முன்பின் தெரியாத யாரோ கட்டிய வரி. நம் சங்கத்தில் பாதிப் பேர் கதை இதுதான். மேடையில் கண்கலங்கச் சொல்லியும் இருக்கிறோம்.

அந்தப் பட்டத்தைக் காட்டித்தான் ஹெச்-1பி விசா. அமெரிக்க ஏணியின் கீழ்ப்படியில் நாம் கால் வைத்ததே கிடையாது. நேராக மூன்றாவது மாடியில் லிஃப்டிலிருந்து இறங்கியவர்கள். இந்திய வம்சாவளிக் குடும்பங்களின் இடைநிலை வருமானம், அதாவது வரிசைப்படுத்தினால் நட்டநடுவில் நிற்கும் குடும்பத்தின் வருமானம், ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் டாலரை ஒட்டி இருக்கிறது. நாட்டு இடைநிலை 80,000 சொச்சம். நம்மைக் காட்டி "அமெரிக்காவில் யாரும் மேலே வரலாம்" என்று சொல்வது, ஐஐடி விடுதியில் நின்றுகொண்டு இந்தியப் பள்ளிக்கல்வி பிரமாதம் என்று சொல்வதைப் போல.

கீழ்ப்படியில் பிறந்தவர்கள் என்ன ஆகிறார்கள் என்று எண்ணிப் பார்த்தவர் இருக்கிறார். ராஜ் செட்டி, டெல்லியில் பிறந்து ஒன்பது வயதில் இங்கே வந்தவர், ஹார்வர்டில் பொருளாதாரப் பேராசிரியர். நான்கு கோடிக் குழந்தைகளின் வருமானத்தை அவர்களுடைய பெற்றோரின் வருமானத்தோடு, பெயர் நீக்கிய வரிப் பதிவுகளை வைத்து அவருடைய குழு ஒப்பிட்டுப் பார்த்தது. வருமானத்தில் கடைசி ஐந்தில் ஒரு பங்கு வீடுகளில் பிறந்த 100 குழந்தைகளில், மேல் ஐந்தில் ஒரு பங்குக்குப் போய்ச் சேர்கிறவர்கள் 7.5 பேர். டென்மார்க்கில் 11.7. இதோ பக்கத்தில் கனடாவில் 13.5. எந்த வீட்டில் பிறந்தோம் என்பது ஒரு பொருட்டே இல்லாத உலகமாக இருந்தால் 20 வர வேண்டும். இதே அமெரிக்காவுக்குள் சான் ஹோசே 12.9, சார்லட் 4.4. ஒரே கொடி, ஒரே சட்டம், ஒரே டாலர். ஊர் மாறினால் தலையெழுத்து மூன்று பங்கு மாறுகிறது.

1940-ல் பிறந்த அமெரிக்கர்களில் சுமார் 90 சதவீதம் பேர் பெற்றோரைவிட அதிகம் சம்பாதித்தார்கள். 1980-களில் பிறந்தவர்களில் பாதிப் பேர்தான். இதுவும் அவருடைய குழு போட்ட கணக்குதான். நாம் ஊரில் கேட்டு வளர்ந்த அமெரிக்கா நமக்கு முந்தைய தலைமுறையின் அமெரிக்கா.

ஐரோப்பாவுக்கு வருகிறேன். அப்படி ஒரே ஊர் ஒன்று இல்லை. பெரும்பாலும் பணக்கார நாடுகள் சேர்ந்த பொருளாதார அமைப்பான ஓஇசிடி 2018-ல் ஒரு கணக்குப் போட்டது. அடிமட்டத்தில் இருக்கும் ஒரு குடும்பத்தின் வாரிசுகள் நாட்டின் சராசரி வருமானத்தைத் தொட எத்தனை தலைமுறை ஆகும் என்று. டென்மார்க்கில் 2, சுவீடன், நார்வே, பின்லாந்தில் 3, அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் 5, ஜெர்மனியிலும் பிரான்சிலும் 6. பத்து வயதிலேயே பிள்ளைகளை எந்த வகைப் பள்ளி என்று பிரித்து அனுப்பும் ஜெர்மனியை நான் யாருக்கும் சிபாரிசு செய்யப் போவதில்லை. (நம் இந்தியாவுக்கு 7. அதைப் பார்த்து நமக்கு நாமே சிரித்துக்கொள்ள வேண்டியதுதான்.) ஆகவே "ஐரோப்பா மாதிரி" என்று யாராவது சொன்னால், எந்த ஐரோப்பா என்று திருப்பிக் கேளுங்கள்.

எனக்குக் கொஞ்சம் பழக்கமான ஐரோப்பா டென்மார்க். பெரியம்மா மகன் ஆர்ஹூஸில் காற்றாலை வேலையில் இருக்கிறான். ஃபோன் போட்டால் முதல் பத்து நிமிஷம் வரிப் புலம்பல். "கையில வர்றதுக்கு முன்னாடியே பாதி போயிடுதும்மா." அதற்கப்புறம் என் வீட்டுக் கணக்கைக் கேட்பான். மகள் சின்னவளாக இருந்தபோது டேகேருக்கு நான் கட்டியதைச் சொன்னால் நம்ப மாட்டான். அங்கே குழந்தைக் காப்பகச் செலவில் கால் பங்குக்கு மேல் பெற்றோரிடம் வாங்கக் கூடாது. பல்கலைக்கழகத்தில் கட்டணம் இல்லை. வீட்டைவிட்டு வெளியே தங்கிப் படிக்கும் மாணவருக்கு அரசே மாதம் 6,000 குரோனருக்கு மேல் கொடுக்கிறது. நாட்டு வீடுகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று லாப நோக்கில்லாத சங்கங்களின் வாடகை வீடு. அவன் பையனின் வகுப்பில் டாக்டர் மகளும் இருக்கிறாள், அதே மருத்துவமனையில் தரை துடைப்பவரின் மகனும் இருக்கிறான். இதைச் சொல்லும்போது அவன் குரலில் பெருமை எல்லாம் இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்கிற தோரணைதான்.

டென்மார்க்கும் தமிழர்களும் என்றால் இன்னொரு கதையும் உண்டு. போருக்குத் தப்பிப் போன இலங்கைத் தமிழர்களின் மனைவி மக்களை வரவழைக்கும் விண்ணப்பங்களை நீதி அமைச்சர் சட்டவிரோதமாக முடக்கி வைத்தார். விஷயம் விசாரணைக்கு வந்து, 1993 ஜனவரியில் பிரதமர் பால் ஷ்லூட்டர் பதவி விலகினார். நம் பெயரில் ஒரு ஐரோப்பிய அரசாங்கம் கவிழ்ந்திருக்கிறது என்பது நம் விழா மேடைகளில் ஒருவர்கூடச் சொல்லாத சங்கதி. அதே நாடு 2018-ல் இன்னொரு சட்டம் போட்டது. 'மேற்கத்தியர் அல்லாதவர்' பாதிக்கு மேல் குடியிருக்கும் சில பொதுக் குடியிருப்புகளை இடிக்கலாம், குறைக்கலாம் என்று. அந்தக் கணக்கில் ஆர்ஹூஸில் இருக்கும் என் அண்ணனும் மேற்கத்தியர் அல்லாதவன்தான். டென்மார்க் சொர்க்கம் என்று எழுத எனக்கு ஆசையில்லை.

இதைவிட யோசிக்க வைத்தது இன்னொன்று. டென்மார்க்கையும் அமெரிக்காவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த ரஸ்முஸ் லாண்டர்சோ, ஜேம்ஸ் ஹெக்மன் என்ற இரண்டு பொருளாதார வல்லுநர்கள், படிக்காத பெற்றோரின் பிள்ளைகள் கல்லூரிவரை போவதில் இரண்டு நாடுகளுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்கிறார்கள். அவ்வளவு செலவு செய்தும்! வித்தியாசம் வருமானத்தில்தான், அதற்கு முக்கியக் காரணம் டென்மார்க்கில் சம்பளங்களுக்கு இடையே உள்ள தூரம் குறைவு, வரியும் உதவித்தொகையும் மீதி இடைவெளியை நிரவிவிடுகின்றன. எளிமையாகச் சொன்னால், அங்கே ஏறுகிற கால்கள் ஒன்றும் விசேஷமானவை இல்லை. படிகள் கிட்டக் கிட்ட இருக்கின்றன. ஒரு படி சறுக்கினாலும் எலும்பு முறியாது.

இதைப் படித்த பிறகுதான் நம் மனு எனக்குப் புரிந்தது. நாம் கெட்டவர்கள் என்பதால் அதில் கையெழுத்துப் போடவில்லை. இங்கே ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடையே ஆள் உயரம். பிள்ளை ஒரு படி தவறினால் எங்கே போய் விழுவாள் என்று நினைக்கும்போதே வயிற்றைக் கலக்குகிறது. கலக்கினால் மனிதன் வேலி போடுவான். வேலி போட்டால் அந்தப் பக்கம் இருப்பவனுக்கு ஏற வழி போகும். ஏற்றத்தாழ்வு அதிகமுள்ள நாடுகளில் பெற்றோரின் வருமானம் பிள்ளையின் வருமானத்தை மற்ற நாடுகளைவிட அதிகமாகத் தீர்மானிக்கிறது என்று மைல்ஸ் கோராக் என்ற கனடாக்காரர் கோடு போட்டுக் காட்டினார். அந்தக் கோடு எப்படி விழுகிறது என்பதற்கு ஆராய்ச்சிக் கட்டுரை தேட வேண்டாம். நம் வாட்ஸ்அப் குழுவே போதும்.

நானும் இதில் யோக்கியம் இல்லை. 2013-ல் இந்த வீட்டை வாங்கும்போது முதலில் பார்த்தது ஸ்கூல் ரேட்டிங். வாஸ்துகூட அதற்கு அப்புறம்தான். அரசுப் பள்ளி இலவசம் என்று ஊரில் அம்மாவிடம் சொல்கிறோம். ஃபீஸ் வீட்டு விலையில் ஒளிந்திருக்கிறது, அவ்வளவே. நியூ ஜெர்சியில் 564 நகராட்சிகள், கிட்டத்தட்ட 600 ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்டுகள், அதாவது தனித்தனிப் பள்ளி நிர்வாகங்கள். சராசரி வீட்டு வரி ஆண்டுக்கு 10,000 டாலரைத் தொட்டுவிட்டது. அதில் பெரும் பங்கு பள்ளிக்குப் போகிறது. விலையுயர்ந்த வீடுகள் இருக்கும் ஊருக்கு நல்ல பள்ளி, நல்ல பள்ளி இருப்பதால் வீடு இன்னும் விலை. இந்தச் சக்கரத்துக்குள் நுழைய ஒரே டிக்கெட் விலாசம்.

அந்த விலாசத்தைப் பற்றி என்னிடம் ஒரு பையன் கேட்டான். எங்கள் அலுவலகத்தைச் சாயங்காலம் சுத்தம் செய்ய வரும் அம்மா குவாத்தமாலாவிலிருந்து வந்தவர், டிரென்டனில் குடியிருக்கிறார், இரண்டு பஸ் மாறி வருகிறார். பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத நாட்களில் மகனையும் கூட்டி வருவார். எட்டாம் வகுப்பு. நான் கிளம்பத் தாமதமானால் மீட்டிங் அறை ஒயிட்போர்டில் அவனுக்கு ஒரு கணக்கு எழுதிப் போடுவேன். ஒரு நாள் என் மகளின் கணக்குப் புத்தகத்தைக் கொண்டுபோனேன். அவளும் எட்டாம் வகுப்புதான். அவன் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினான், பேசவே இல்லை. கடைசியில், "இதெல்லாம் எங்களுக்கு இன்னும் ரெண்டு வருஷம் கழிச்சுத்தான்" என்றான். அப்புறம், "உங்க ஸ்கூலுக்கு நான் வரணும்னா என்ன பரீட்சை எழுதணும்?" என்றான்.

பரீட்சை எதுவும் இல்லை என்றேன். விலாசம் இருந்தால் போதும் என்பதைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அடுத்த ஊர் விலாசத்தைக் கொடுத்துப் பிள்ளையைச் சேர்த்தால் பின்தொடர்ந்து போய்ப் படம் பிடிக்கவே ஆள் வைத்திருக்கிற டிஸ்ட்ரிக்ட்டுகள் இந்த மாநிலத்தில் உண்டு என்பதையும் சொல்லவில்லை. எனக்குப் பொறியியல் கல்லூரி கிடைக்க ஒரு பரீட்சை இருந்தது. அவனுக்கு அதுகூட இல்லை.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்தப் பையன் மூன்று வயதிலிருந்து இலவசப் பாலர் பள்ளிக்குப் போயிருக்கிறான். ஏழை நகரங்களின் பள்ளிகளுக்குப் பணக்காரப் புறநகர்ப் பள்ளிகளுக்கு ஈடாக நிதி தர வேண்டும் என்று 1990-ல் நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 1998-ல் மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளுக்குப் பாலர் பள்ளியும் வேண்டும் என்றது. டிரென்டன் அந்தப் பட்டியலில் இருக்கிறது. டென்மார்க் செய்கிற மாதிரி ஒன்றை இந்த மாநிலமும் செய்திருக்கிறது. நீதிபதிகள் கழுத்தைப் பிடித்துத் தள்ளிய பிறகு.

வீட்டு விஷயமும் அப்படித்தான். நம் ஊரிலிருந்து முக்கால் மணி நேரத்தில் மவுன்ட் லாரல் இருக்கிறது. அங்கே பல தலைமுறைகளாக வாழ்ந்த கறுப்பினக் குடும்பங்கள் குறைந்த வாடகையில் 36 வீடுகள் கட்ட அனுமதி கேட்டன. (நம் மனுவிலும் அதே 36. தற்செயல்தான்.) 1970-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் குடும்பங்களின் தேவாலயத்துக்கே வந்து அன்றைய மேயர் சொன்னது: இந்த ஊரில் வாழ உங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை என்றால் நீங்கள் வெளியேற வேண்டியதுதான். எத்தல் லாரன்ஸ் என்ற பாலர் பள்ளி ஆசிரியை வழக்குப் போட்டார். ஏழைகளை வெளியே நிறுத்தும் சோனிங் விதிகள் (எந்த இடத்தில் என்ன கட்டலாம் என்கிற விதிகள்) செல்லாது, வளர்ந்துவரும் ஒவ்வொரு ஊரும் தன் பங்குக்கு வீடு கட்ட இடம் தர வேண்டும் என்று 1975-ல் தீர்ப்பு வந்தது. 1983-ல் இன்னும் கடுமையாக. ஊர்கள் சும்மா இருக்குமா? தங்கள் பங்கில் பாதிவரை ஏழை நகரங்களுக்குக் காசு கொடுத்துத் தள்ளிவிடலாம் என்று சட்டத்தில் ஒரு சந்து வைத்தார்கள். அதை மூட 2008 ஆனது. எத்தல் லாரன்ஸ் 1994-ல் காலமானார். அவர் பெயரில் மவுன்ட் லாரலில் இன்று இருக்கும் 140 வீடுகளில் முதல் வீடுகள் எழுந்தது 2000-ல்தான்.

அப்போதும் இதே கேள்விகளைத்தான் கேட்டார்கள். குற்றம் பெருகும், வீட்டு விலை விழும், வரி ஏறும். பிரின்ஸ்டன் சமூகவியலாளர் டக்ளஸ் மாஸியின் குழு போய்ப் பல வருஷத் தரவுகளைப் பக்கத்து ஊர்களோடு ஒப்பிட்டது. குற்றமும் பெருகவில்லை, விலையும் விழவில்லை, வரியும் அதனால் ஏறவில்லை. குடிவந்தவர்களில் வேலைக்குப் போகிறவர்கள் கூடினார்கள், பிள்ளைகள் முன்பைவிட நல்ல பள்ளியில் அதிக நேரம் படித்தார்கள். அக்கம்பக்கத்தில் பலருக்கு அப்படி ஒரு குடியிருப்பு இருப்பதே தெரியவில்லையாம். நாம் பயந்து எதிர்க்கிற மாதிரியான குடியிருப்பு அங்கே வந்து கால் நூற்றாண்டு ஆகிவிட்டது.

"அந்த மாதிரி ஆட்கள்" என்று ஒருவர் எழுதியிருந்தார். நம் பகுதியில் நான்கு பேர் உள்ள குடும்பம் ஆண்டுக்கு 80,000 டாலர் சம்பாதித்தாலும் இந்த வீடுகளில் ஒரு வகைக்கு விண்ணப்பிக்கலாம். நம் பிள்ளைகளின் பஸ் டிரைவர், வேலையில் புதிதாகச் சேர்ந்த அவர்களுடைய டீச்சர், நம் மாமனாருக்கு ஊசி போட வரும் நர்ஸ் உதவியாளர். அந்த ஆட்கள்தான்.

1994-ல் பாஸ்டன், சிகாகோ, நியூயார்க் உள்ளிட்ட ஐந்து நகரங்களில் அரசாங்கம் ஒரு சோதனை தொடங்கியது. ஏழைக் குடியிருப்புகளில் இருந்த குடும்பங்களுக்குக் குலுக்கல் போட்டு, வறுமை குறைந்த பகுதிக்குக் குடிபோக வாடகை உதவி கொடுத்தார்கள். பதிமூன்று வயதுக்கு முன் குடிபெயர்ந்த பிள்ளைகள் இருபத்தைந்து வயது வாக்கில், போகாதவர்களைவிட 31 சதவீதம் அதிகம் சம்பாதித்தார்கள். பதிமூன்றுக்குப் பிறகு போனவர்களுக்கு அந்தப் பலன் இல்லை.

என் ஒயிட்போர்டுப் பையனுக்கு மார்ச்சில் பதினான்கு. நாளைக்கே அனுமதி கிடைத்தாலும் கட்டி முடிக்கும்போது அவன் ஹைஸ்கூலில் பாதி தாண்டியிருப்பான். அவனுக்குத் தாமதம்தான். தங்கை ஒருத்தி இருக்கிறாள், நாலு வயது. 36 வீடுகளுக்குக் குலுக்கல், ஆயிரக்கணக்கில் விண்ணப்பம் வரும். அவர்களுக்குக் கிடைக்கும் என்று எந்த உறுதியும் இல்லை. யாரோ ஒரு நாலு வயதுக்குக் கிடைக்கும்.

செயற்குழுவிடம் நான் கேட்பது பெரிதாக எதுவும் இல்லை. திட்டத்தை ஆதரித்துச் சங்கம் தீர்மானம் போட வேண்டாம். அதற்கு நம்மில் பலர் ஒப்ப மாட்டார்கள் என்று தெரியும். தனித்தனியாக யார் வேண்டுமானாலும் எதிர்க்கட்டும், அது அவரவர் உரிமை. சங்கத்தின் பெயரை மட்டும் எடுத்துவிடுங்கள். போன வருஷ விழா மேடையில் நம் தலைவர் காமராஜரின் மதிய உணவைப் பற்றிப் பேசி அழுதார். பின்வரிசையில் கரண்டியும் கையுமாக நானும் அழுதேன். அதே லெட்டர்பேடில் இந்த மனு போக வேண்டாம்.

வியாழக்கிழமை இரவு ஏழரைக்கு பிளானிங் போர்டு கூட்டம். பேசுவோர் பட்டியலில் என் பெயர் பதினான்காவது, ஆளுக்கு மூன்று நிமிஷம். முதல் வரியில் நான் இந்த ஊர்த் தமிழ்ச் சங்க உறுப்பினர் என்று சொல்லலாமா, இல்லை வெறும் பெயரும் தெருவும் மட்டும் சொல்ல வேண்டுமா என்பதைப் புதன்கிழமைக்குள் தெரிவித்துவிடுங்கள்.

அன்புடன்,
சங்கத்து உறுப்பினர் ஒருத்தி